தானாக உருண்ட தேசிக்காய்கள்

நான் வாடகைக்குப் பார்த்த முதல் வீட்டில் பேய் இருக்கிறது என்று முழுமனதாக நம்பினேன். பொறியியல் படித்தவன் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஜெர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகரில் வேலை கிடைத்திருந்தது. காலை ஆறு மணிக்கு ஆலையில் நிற்க வேண்டும். கார் ஓட்டும் பரீட்சையில் மூன்று தரம் தோற்றவன் நான். மூன்றாம் தரம் பரீட்சகர் பாதியில் இறங்கி நடந்தே போனார். ஆகவே ட்ராம் ஓடும் தெருவில் வீடு வேண்டும், இல்லாவிட்டால் வேலை இல்லை. ஒரு மாதம் தேடியதில் ஒன்றே ஒன்று அகப்பட்டது. வாசலிலிருந்து ட்ராம் தரிப்பிடத்துக்கு நாற்பது எட்டு வைத்தால் போதும். வீட்டுக்கார அம்மா கதவுத் திறப்பைத் தந்து, நாளைக்குக் கையெழுத்து, அதற்குள் ஆறுதலாகப் பார் என்றார்.

ஞாயிறு மத்தியானம், முன்பு பான் நகரத்தில் என்னோடு ஒரே அறையில் இருந்த அண்ணையையும் கூட்டிக்கொண்டு போனேன். தெருவில் ஒரு சனம் இல்லை. ட்ராம் ஒன்று வந்து, கதவுகளைத் திறந்து, ஒருவரும் இறங்காமலே மூடிக்கொண்டு போனது.

படுக்கையறைக் கதவைச் சாத்தினேன். அது மெல்லத் திறந்தது. மறுபடி சாத்தினேன். அவசரமே இல்லாமல், உள்ளே இருந்து யாரோ எட்டிப் பார்ப்பதுபோலத் திறந்தது.

"காத்தாயிருக்கும் அண்ணை."

"யன்னலெல்லாம் பூட்டிக் கிடக்கு. உன்ர வாயில இருந்து வாற காத்தோ?"

கண்ணூறு படாமல் புதுவீட்டு வாசலில் வைக்கவென்று அண்ணை நாலு தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், கொண்டுவந்திருந்தார். பயத்தில் அவற்றைக் கூடத்தின் நடுவிலேயே வைத்தார். நாலும் அசைந்தன. பிறகு ஒன்றன்பின் ஒன்றாக, அந்தக் கதவைத் தாண்டி, படுக்கையறையின் இருட்டு மூலையில் போய் நின்றன.

"நீங்கள்தானே வைச்சனீங்கள், நீங்களே எடுங்கோ."

"ஏலாது. நானே இஞ்ச இருக்கப்போறன்? கையெழுத்து மட்டும் வைக்காதை."

"வேலை போயிடும் அண்ணை."

"உயிர் போனா வேலைக்கு ஆர் போறது?"

நாற்பது எட்டுத் தூரத்தை நான் பதினொன்றில் கடந்தேன். அண்ணை எனக்கு முன்னமே அங்கே நின்றார்.

மறுநாள் வீட்டுக்கார அம்மா ஒப்பந்தத்தோடு காத்திருந்தார். மற்றக் கையில் நாலு தேசிக்காய். பேனாவைத் தொடாமல், கதவு ஏன் தானாகத் திறக்கிறது என்று கேட்டேன்.

தெருவுக்குக் கீழே முன்பு நிலக்கரி வெட்டினார்களாம். நிலம் இறங்கி வீடு ஒரு பக்கம் சரிந்துவிட்டது. தெரு முழுக்க அப்படித்தான்.

கையெழுத்து வைத்தேன். கட்டிலின் இரண்டு கால்களுக்குக் கீழே மரக்கட்டை வைத்துப் பதினாறு வருடம் அங்கே இருந்தேன்.