றமீஸா சொன்ன நல்ல வார்த்தைகள்

தெல்தெனியவில் றமீஸாவைத் தெரியாத பெண் கிடையாது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஏறும் சாய்வுப் பாதையில், மருந்துக் கடைக்கும் கோழிக் கடைக்கும் நடுவே ஒரு சின்ன அறை. இரண்டு தையல் மெஷின், ஓர் ஆளுயரக் கண்ணாடி, சில பிளாஸ்டிக் கதிரைகள். அதுதான் அவளுடைய இராச்சியம். அபாயாவும் அங்கே தைப்பாள், சேலைச் சட்டையும் தைப்பாள். சிங்களப் பெண்கள் ஒசரிச் சேலைக்குப் போடும் அந்தத் தோள் உப்பிய சட்டையை அவளைப் போல வெட்ட ஆளில்லை என்று கண்டியிலிருந்தே காரில் வருவார்கள்.

கைக்கு இருந்த பெயர் வாய்க்கும் இருந்தது. ஹுன்னஸ்கிரியவில் கடைக்காரர் வீட்டில் பிறந்தவள். தோட்டத்துச் சனங்களோடு அவர்கள் தமிழிலும், தோட்டத்துக் கிளாக்கரின் மனைவியோடு சிங்களத்திலும் பேசிப் பேசியே வளர்ந்தாள். கணவன் பஹீம் கட்டாரில் சாரதி. வீட்டில் பேச்சுத் துணைக்கு மகள் றிப்தா மட்டும். அவளோ பாலர் பாடசாலை ஆசிரியை, நாளெல்லாம் குழந்தைகளோடு கத்திவிட்டு வந்து மௌனமாகச் சோறு தின்கிற பிள்ளை. ஆகவே றமீஸா தன் பேச்சையெல்லாம் கடையில்தான் அவிழ்த்து வைத்தாள். அளவு எடுக்கும் நேரத்தில் ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லி, இன்னொரு குடும்பத்தின் கதையையும் கேட்டு முடித்துவிடுவாள். அதில் நஞ்சு இருந்ததில்லை. திகனைப் பக்கம் முஸ்லிம்களின் கடைகளைக் கும்பல்கள் எரித்த அந்த மார்ச் மாதத்தில், அவளுடைய மெஷின்களைத் தன் வீட்டுக்குத் தூக்கிப்போய்க் காப்பாற்றித் தந்தது ஒரு சிங்கள வாடிக்கைக்காரிதான். வாடிக்கைக்காரர்கள் என்றால் சொந்தக்காரர்கள் மாதிரி என்று றமீஸா அன்றைக்கு முடிவு கட்டிவிட்டாள். நான் அதைப் பிழை என்று சொல்லமாட்டேன்.

நிலந்தி என்கிற சிங்கள நோனா அப்படி வந்து சேர்ந்தவள்தான். அமைதியான பெண். தங்கையின் கலியாணத்துக்கு ஒசரிச் சட்டை தைக்க வந்தவள், பிறகு வழமையாக வரத் தொடங்கினாள். கூடவே அவளுடைய கணவரும் வருவார். இன்சூரன்ஸில் வேலை என்று சொன்னார். மற்ற ஆண்கள் மனைவியை இறக்கிவிட்டு டீக்கடைக்கு ஓடுவார்கள். றமீஸா மரியாதையாக மாத்தயா என்று கூப்பிட்ட இவர் மட்டும் திரைக்கு இந்தப் பக்கம் கதிரையில் உட்கார்ந்து, றமீஸா தரும் பிளேன்டீயைக் குடித்துக்கொண்டு, பொறுமையாகக் கதை கேட்பார். தன் பேச்சைக் கொட்டாவி விடாமல் கேட்கிற ஓர் ஆண்பிள்ளையை றமீஸா வாழ்க்கையில் முதல் தடவையாகக் கண்டாள். குளிர்ந்து போய்விட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் றிப்தாவுக்குச் சம்பந்தம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை இப்ஹாம், இரண்டு தெரு தள்ளியிருக்கும் மஸீனாவின் மூத்த மகன். ஃபிரிஜ், ஏசி திருத்துகிறவன். நிகாஹ்வுக்கு முன்னால் நாற்பது நாள் ஜமாஅத்தில் போய்வருவதாகப் பையன் நிய்யத்து வைத்திருந்தான். ஊர் ஊராகப் போய்ப் பள்ளிவாசல்களில் தங்கி, தொழுது, ஓதி, தாங்களே சமைத்துச் சாப்பிட்டு, ஆட்களை நல்ல வழிக்கு அழைத்துவிட்டு வருவது. கலியாணத்துக்கு முன் மாப்பிள்ளை இப்படிப் போய்வந்தால் பெண்வீட்டுக்கு அது ஒரு மகுடம். றமீஸா சும்மா இருப்பாளா? மாத்தயா ஒருநாள் மருமகனைப் பற்றி விசாரித்ததும் மடை திறந்துவிட்டாள்.

பையன் தங்கமான பிள்ளை என்றாள். முன்பெல்லாம் கிரிக்கெட், கிரிக்கெட் என்று அலைந்தவன், இப்போது ஆளே மாறித் தாடியும் தொழுகையுமாக இருக்கிறான் என்றாள். அல்லாஹ்வுடைய பாதையில் நாற்பது நாள் புத்தளத்துக்குப் புறப்பட்டுப் போயிருக்கிறான், அங்கே போனால் போனைக்கூட அணைத்து வைத்துவிடுவார்கள், வீடு வாசல் நினைப்பே இருக்காது என்றாள். தொழிலிலும் கெட்டிக்காரன், காஸ் சிலிண்டரும் வயரும் அவன் கைக்கு விளையாட்டுச் சாமான் என்றாள். மாத்தயா தலையை ஆட்டிக் கேட்டார். மாமியார் வாயால் வரக்கூடிய அத்தனை புகழையும் அவள் ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். அதே வார்த்தைகளை தேவாலயங்களில் ஈஸ்டர் குண்டுகள் வெடித்து முஸ்லிம்களெல்லாம் சந்தேகத்துக்கு ஆளான அந்தக் காலத்தில், சந்தேகப்படுவதற்கே சம்பளம் வாங்கும் ஒரு மனிதனின் காதால் ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

இப்ஹாம் திரும்பி வந்து, கலியாணத்துக்கு நாள் குறிக்கப்போகும் சமயத்தில் பொலிஸ் வேன் ஒன்று வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனது. விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்றார்கள். விடவில்லை. முந்தாநாள் வரை மஸீனாவின் வீட்டில் வந்து வட்டிலப்பம் சாப்பிட்டவர்கள் அந்தப் பக்கம் நடப்பதைக்கூட விட்டார்கள். றமீஸாதான் காலையும் மாலையும் போய், மஸீனாவைத் தேற்றி, என் மருமகனைக் காட்டிக் கொடுத்தவனின் வாயில் புழு விழட்டும் என்று சபித்துவிட்டு வந்தாள். றிப்தாவின் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பில்லை.

மகனைப் பார்க்க அனுமதி கிடைத்துப் போய்வந்த அன்று, மஸீனா அடுக்களை வாசற்படியில் உட்கார்ந்து அழுதாள். "திருப்பித் திருப்பி ஒரே கேள்வியாம் மதினி. புத்தளத்துல நாப்பது நாள் என்ன பழகினாய், புத்தளத்துல யாரைச் சந்திச்சாய் என்டு. என்ட புள்ள புத்தளத்தைக் கண்ணால கண்டதில்ல."

றமீஸாவுக்குப் புரியவில்லை. புத்தளத்துக்குத்தானே போனான் என்று கேட்டாள்.

"அது முதல்ல சொன்னது. மர்க்கஸ்ல போய்ச் சேர்ந்த பொறகு ரூட்டை மாத்தி ஹெம்மாதகமவுக்கு அனுப்பிட்டாங்க. அங்க பள்ளியில ஈந்தவங்களைக் கேட்டாலே சொல்லுவாங்க."

ஜமாஅத் போகிற வீடுகளில் இது சாதாரணம். எந்தப் பக்கம் போவது என்பது மர்க்கஸ் என்ற, எல்லோரும் கூடும் பெரிய பள்ளிவாசலில்தான் கடைசியாக முடிவாகும். வீட்டுக்காரர்கள் கேள்விப்பட்டதையே சொல்லிக்கொண்டிருப்பார்கள். இப்ஹாமின் வீட்டுக்குப் பிறகு சரியான சேதி வந்தது. நிகாஹ் முடியாத பெண்ணின் வீட்டுக்கு யாரும் அதைச் சொல்லியனுப்பவில்லை. புத்தளம் என்று இந்த ஊரில் நம்பிக்கொண்டிருந்தது றமீஸாவின் வீடு மட்டும்தான். அவள் அதைச் சொன்னதும் ஒரே ஒருவரிடம்தான்.

வீட்டுக்கு எப்படி வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மறுநாள் நிலந்தி தைத்த சட்டையை வாங்கத் தனியாக வந்தாள். றமீஸா கதவைச் சாத்திவிட்டு, உங்கள் மாத்தயாவுக்கு உண்மையில் எங்கே வேலை என்று கேட்டாள். நிலந்தி தரையைப் பார்த்தாள். பிறகு, பொலிஸ் புலனாய்வில்தான் வேலை, வெளியில் இன்சூரன்ஸ் என்றுதான் சொல்லவேண்டும் என்று கலியாணமான நாளிலேயே என்னிடம் சொல்லிவிட்டார், சொந்தத் தாய்க்குக்கூட அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன் என்றாள். இங்கே கேட்ட கதை எங்கே போனது என்று அவளுக்குத் தெரியாது. றமீஸா சொல்லித் தெரிந்ததும் கண்ணாடிக்கு முன்னாலிருந்த கதிரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். றமீஸாவுக்கு அவளை அடிக்கவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப்பிடிக்கவேண்டும் போலவும் இருந்தது. கடைசியில் சட்டையைப் பையில் போட்டுக் கொடுத்தாள்.

இப்ஹாமின் வழக்கைக் கண்டியில் நிஷாந்தினி என்ற இளம் சட்டத்தரணி எடுத்திருந்தாள். தெல்தோட்டைத் தோட்டமொன்றிலிருந்து படித்து மேலே வந்த பெண். சந்தேகத்துக்கு ஆதாரம் என்ன என்று அவள் கேட்டால், நம்பகமான தகவல் என்ற ஒரே பதில்தான் வருகிறதாம். மஸீனாவோடு துணைக்குப் போயிருந்த றமீஸா, அந்தத் தகவல் யாருடையது என்று மெல்லக் கேட்டாள்.

"அத அவங்க சொல்ல மாட்டாங்கம்மா. நம்மளும் கேக்க முடியாது, சட்டம் மறைச்சு வச்சிருக்கு. சொன்ன ஆளே எழும்பி வந்து, நான் இன்னதத்தான் சொன்னேன்னு சொன்னாத்தான் உண்டு. அப்படி யாரு வருவா?"

றமீஸா பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து திரும்பினாள். விக்டோரியா நீர்த்தேக்கம் ஒரு பக்கமாகக் கூடவே வந்தது. அவளுக்கு முன்னால் இரண்டு வழி இருந்தது. பேசாமல் இருந்தால் ஊருக்கு ஒன்றும் தெரியப்போவதில்லை. சட்டமே அவளுடைய பெயரைப் பொத்திக் காக்கிறது. பையன் என்றாவது வெளியே வருவான், கலியாணமும் நடக்கும். ஆனால் அந்த 'என்றாவது' எத்தனை வருஷமோ? பேசினால் அவன் வெளியே வரலாம். ஆனால் தன் மகனைக் காட்டிக் கொடுத்தவளின் மகளை மஸீனா மருமகளாக எடுப்பாளா? ஒற்றர் வேலை பார்த்தவள் என்று பெயர் விழுந்த கடைக்கு யார் சட்டை தைக்க வருவார்கள்? வாயே பிழைப்பாக வாழ்ந்தவளுக்கு அந்த வாயைத் திறப்பதே பயமாகிவிட்டது. அவளைப் பார்க்க எனக்குப் பாவமாக இருக்கிறது.

வீட்டுக்கு வந்ததும் முதலில் றிப்தாவிடம் சொன்னாள். மகள் சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்தாள். பிறகு, "கலியாணம் நடக்காட்டிப் பரவாயில்ல உம்மா. அவர் வெளிய வரணும்" என்றாள். அவ்வளவு நாளும் இப்ஹாமைப் பற்றி அந்தப் பெண் தாய் முன்னால் சொன்ன முதல் வார்த்தை அதுதான். றமீஸா அப்படியே எழுந்து மஸீனாவின் வீட்டுக்குப் போனாள். நடந்ததை நின்றபடியே சொன்னாள். மஸீனா ஏசவில்லை, அழவில்லை. உள்ளே போய் அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏசியிருந்தால் றமீஸா தாங்கியிருப்பாள்.

அடுத்த தவணைக்கு இப்ஹாமை நீதவான் முன் கொண்டுவந்தார்கள். பொலிஸ் தரப்பு அதே நம்பகமான தகவலைச் சொன்னது. நிஷாந்தினி எழுந்து, அந்தத் தகவலைப் பற்றிச் சொல்ல ஒருவர் தானாகவே வந்திருக்கிறார், கேட்க அனுமதிக்க வேண்டும் என்று விண்ணப்பித்தாள். பொலிஸ் தரப்பு ஆட்சேபித்தது. நீதவான் யோசித்து, யார் அது என்று கேட்டார். பின்வரிசையில் வெள்ளைச் சேர்ட்டோடு உட்கார்ந்திருந்த மாத்தயா நிமிர்ந்து பார்த்தார். றமீஸா எழுந்தாள்.

"அந்தத் தகவல் நான்தான் சேர்" என்றாள் சிங்களத்தில்.

பிறகு, எத்தனையோ நோனாமாரின் கழுத்தளவையும் கையளவையும் பேசிப் பழகிய அதே சிங்களத்தில் எல்லாவற்றையும் சொன்னாள். ஜமாஅத் என்றால் என்ன, போன் ஏன் அணைந்திருக்கும், காஸ் சிலிண்டர் எதற்கு, புத்தளம் எப்படி ஹெம்மாதகமவானது எல்லாம். இடத்தை நான் பிழையாகச் சொல்லிவிட்டேன், அந்தப் பிழைதான் இவர்களிடம் இருக்கிறது, என் மருமகனைப் பெருமை பேசியது குற்றமென்றால் என்னை வைத்துக்கொள்ளுங்கள் என்றாள். ஹெம்மாதகமப் பள்ளியிலிருந்து வந்திருந்த இருவர், நாற்பது நாளும் பையன் தங்களோடு இருந்தான் என்றார்கள். நீதவான் பொலிஸ் தரப்பிடம், இதைத் தவிர வேறு ஏதாவது உண்டா என்று கேட்டார். இல்லை. அன்று பின்னேரம் இப்ஹாம் பிணையில் வெளியே வந்தான். கொஞ்ச காலத்தில் வழக்கும் கைவிடப்பட்டது.

கடை காலியாகத்தான் கிடந்தது. அபாயாக்காரிகள் வேறு தையல்காரியைத் தேடினார்கள். றமீஸா பழைய துணிகளுக்கு ஒட்டுப் போட்டுக்கொண்டு, வந்த ஒன்றிரண்டு பேரிடமும் அளவைத் தவிர வேறெதுவும் கேட்காமல் இருந்தாள். நோன்பு முடிந்து பெருநாளும் கழிந்த பிறகு ஒரு காலையில் மஸீனா படியேறி வந்தாள். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாளும் பொழுதும் யோசிச்சுப் பாத்தேன் மதினி. அந்த மனுசன் என்கிட்ட வந்து கேட்டிருந்தா நானும் சொல்லித்தான் ஈப்பேன். புள்ளயப் பத்திக் கேட்டா எந்தத் தாய் வாயை மூடிட்டு ஈப்பா?" பிறகு சொன்னாள்: "கோர்ட்டுல எழும்பி நிக்க என்னால ஏலாது. நீங்க நின்டீங்க. நாள் குறிப்போம்."

றமீஸா அழுது முடித்த பிறகு, யார் யாருக்குச் சொல்லவேண்டும் என்று இருவரும் பேசத் தொடங்கினார்கள். நிலந்தியின் பெயர் வந்ததும் றமீஸா நிறுத்திக்கொண்டாள். கூப்பிடத்தான் வேண்டும் என்றாள் மஸீனா. அவளுடைய மாத்தயாவும் வருவதென்றால் வரட்டும், வந்து கண்ணாலேயே பார்த்துவிட்டுப் போகட்டும் என்றாள்.

மாத்தயா வரவில்லை. நிலந்தி தனியாக, றமீஸா தைத்த ஒசரிச் சட்டையோடு வந்தாள். கலியாண வீட்டில் சஹனில்தான் சாப்பாடு. பெரிய தட்டு ஒன்றைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒன்றாகக் கைபோட்டுச் சாப்பிடுவது. நிலந்தியைத் தங்கள் சஹனிலேயே இருத்திய மஸீனா, இறைச்சித் துண்டுகளை அவள் பக்கம் தள்ளிவைத்தாள். நிலந்தி கூச்சத்தோடு ஒரு பிடி சாப்பிட்டாள். ஏதாவது பேசவேண்டுமே என்று, கலியாண வீட்டில் எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள். மாப்பிள்ளைக்கு என்ன வேலை, இனி எங்கே இருக்கப் போகிறார்கள்?

சஹனைச் சுற்றி இருந்த கைகளெல்லாம் நின்றுவிட்டன. கேட்டபிறகுதான் நிலந்திக்கும் உறைத்தது; முகம் வெளுத்துப் போனது. றமீஸா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

மஸீனா சோற்றை விழுங்கிவிட்டு நிலந்தியின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். மகன் எங்கே வேலை செய்கிறான், எந்தத் தெருவில் வீடு எடுத்திருக்கிறான், எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருவான், எந்தப் பள்ளியில் தொழுவான் எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல் வராத இடத்தில் றமீஸாவைப் பார்த்தாள். றமீஸா எடுத்துக் கொடுத்தாள்.