சுருங்காத பங்கு

நாகர்கோவிலில் கல்லூரி லேபில் பின்னங்களைச் சுருக்கும் புரோகிராம் எழுதினோம். தோழி சகாயமேரி, தன் அப்பாவும் அண்ணனும் போகும் மீன்பிடி வள்ளத்தின் கணக்கையே கொடுத்தாள். மீனில் பாதி வள்ளத்துக்கு; மறுபாதி ஆறு ஆட்களுக்குச் சமமாக. ஆளுக்கு 1/12; அவள் அப்பாவுக்கும் அண்ணனுக்குமாக 2/12. அவள் அப்பா சில நாள் முன்பு கடலில் காணாமல் போயிருந்ததால், நான் ஆட்கள் ஐந்து என்று தட்டினேன்.

"ஆறுன்னு போடுட்டி. ஒடம்பு கெடைக்குத வரைக்கும் அப்பாக்க பங்கு வீட்டுக்கு வரும்," என்றாள்.

1/6 என்று சுருங்கி வந்தது. முதல் புரோகிராம் ஓடிய சந்தோஷத்தில் கைதட்டினேன்.

மறுவாரம் அவள் அப்பாவின் உடல் மண்டைக்காட்டுக் கரையில் ஒதுங்கியது. அடக்கம் முடிந்து வந்தவள், ஆறை ஐந்தாக்கி, இரண்டு பங்கை ஒன்றாக்கினாள். திரையில் 1/10.

"இது இனி சுருங்காதுட்டி," என்றாள்.

இப்போது புரோகிராம் எழுதித்தான் பிழைக்கிறேன். எது சரியாக ஓடினாலும் என் கைகள் மடியிலேயே கிடக்கின்றன.