செல்வியின் ஃபோனில் சிரிப்பு முகத்தை அமுக்குவது யார்?

மனநலச் செயலி எது வந்தாலும் முதல் நாளே இறக்கிப் பார்த்துவிடுவேன். படித்ததெல்லாம் யூடியூபில்தான். மாத்திரையோடு செயலியையும் டாக்டர் எழுதிக்கொடுக்கிறார் என்று கேள்விப்பட்டதும் துள்ளிக் குதித்தேன். மாதனூர் ஷூ கம்பெனியில் தைக்கும் என் தோழி செல்விக்கு அப்படி ஒன்று கிடைத்திருந்தது.

போன வாரம் அவள் கூப்பிட்டாள். “டாக்டர் மாத்திரைய கம்மி பண்ணப் போறாராம்டி. ஆப்ல நான் நல்லாயிட்டேனாம். எனக்கு இன்னும் தூக்கமே வர்றதில்ல.”

இதில் ஏதோ இருக்கிறது என்று தோன்றியது. அந்தச் செயலிக்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை வேலூர் சத்துவாச்சாரியில் டாக்டர்களுக்குப் பயிற்சி நடத்துவதாக அவர்கள் பக்கத்தில் போட்டிருந்தது. எங்கள் இருவர் பெயரையும் பதிந்தேன். தொழில் என்ற இடத்தில் ‘ஆர்வலர்’ என்று போட்டேன். ஏற்றுக்கொண்டார்கள். (அதுவே சந்தேகம்தான்.)

சனிக்கிழமை காலை 11 மணிக்குச் சென்னையில் ரயில், ஒரு மணிக்குக் காட்பாடி, எழுபது ரூபாய். வேலூர் புது பஸ் ஸ்டாண்டிலிருந்து மாதனூர் சுமார் 35 கிலோமீட்டர், முப்பத்தைந்து ரூபாய். ஆம்பூர் பஸ்களில் சில அங்கே நிற்காது, கேட்டு ஏறுங்கள்.

செல்வி வேலையில் இருந்தாள். ஃபோன் மட்டும் வீட்டில். கம்பெனி கேட்டில் ஃபோனை வாங்கி வைத்துவிடுவார்கள். சாயந்திரம் அதைத் திரும்ப வாங்க வரிசையில் நின்றால் கம்பெனி பஸ் போய்விடும். அதனால் அவள் எடுத்துப் போவதே இல்லை.

மூன்று மணிக்கு ஃபோன் அலறியது: ‘இன்று எப்படி இருக்கிறீர்கள்?’ என்ற செயலியின் தினசரிக் கேள்வி. செல்வியின் மாமியார் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து சிரிப்பு முகத்தை அமுக்கினார்.

“இன்னா அத்தை பண்றீங்க?”

“அழுவுற மூஞ்சிய அமுக்குனா இன்னும் ஏழு கேள்வி கேக்குதும்மா. ஒரே பேஜாரு. இத அமுக்குனா கம்முனு போய்டுது.”

அன்று இரவே செல்வியிடம் இதைச் சொன்னேன். மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு பத்தரைக்குச் சத்துவாச்சாரி அரங்கில் இருந்தேன். ஆளுக்கு ஒரு பை, ஒரு பேனா, மதியம் பிரியாணி. இலவசம் என்றாலே எனக்குக் கண் சுருங்கும். பயிற்சியாளர் திரையைக் காட்டினார். சிரிப்பு முகத்தை அமுக்கினால் பச்சைக்கோடு. இரண்டு வாரம் பச்சைக்கோடு வந்தால் மருந்தைக் குறைப்பது பற்றி யோசிக்கலாமாம். டாக்டர்கள் குறித்துக்கொண்டார்கள்.

கையைத் தூக்கினேன். “பதிலை அமுக்கினது யாருன்னு எப்படி சார் தெரியும்?”

“நோயாளி ஃபோன்லேர்ந்துதானே வருது?”

செல்வி எழுந்து நின்றாள். “ஃபோன் என்னுதுதான் சார். வெரல் எங்க மாமியாருது.”

அரங்கமே சிரித்தது. மூன்றாவது வரிசையில் இருந்த செல்வியின் டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. டீ இடைவேளையில் நேராக அவளிடம் வந்தார்.

“ஏம்மா, இன்னும் சரியாகலன்னு எங்கிட்ட ஏன் சொல்லல?”

“நீங்க ஃபோனத்தான சார் பாத்தீங்க.”

அவர் தூக்கம், சாப்பாடு, அழுகை என்று நின்றபடியே ஒவ்வொன்றாகக் கேட்டார். மாத்திரை இப்போதைக்கு அப்படியே தொடரட்டும், செவ்வாய்க்கிழமை வா என்றார்.

பயிற்சியாளர் என் ஃபோன் நம்பர் கேட்டார், ‘கருத்து’ வாங்கவாம். கொடுக்கவில்லை. டீக்குப் பிறகு அதே பச்சைக்கோடுகளோடு பயிற்சி தொடர்ந்தது.

செயலிகள் மேல் எனக்கு இன்னும் ஆசை உண்டு. ஆனால் உங்கள் வீட்டில் யாருக்காவது எழுதிக்கொடுத்தால், கேள்வி வரும் நேரத்தில் ஃபோன் யார் கையில் இருக்கும் என்று டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். செல்வி செவ்வாய்க்கிழமை அரை நாள் லீவு போட்டிருக்கிறாள். டாக்டரைப் பார்க்கப் போகும்போதும் ஃபோன் வீட்டிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாள்.