மோகனப்பிரியாவின் ஃபேன்

மோகனப்பிரியா பாட்டின் சத்தத்தைக் குறைத்துக்கொண்டே போகிறாள். பாடுகிறவனின் குரல் சுருங்குகிறது, மேளம் பக்கத்துத் தெருவுக்குப் போய்விடுகிறது, கடைசியில் தலைக்கு மேல் சுற்றும் பழைய ஃபேனின் கடகடப்புதான் பெரிதாகக் கேட்கிறது. அங்கே நிறுத்துகிறாள். கண்ணை மூடி, தலையை லேசாகச் சாய்த்து, அந்தக் கடகடப்புக்கு அடியில் பாட்டு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்கிறாள். அவ்வளவு சன்னமாக ஒலிக்கும்போதும் மேளத்தின் அடி அவள் விரலைத் தட்ட வைத்துவிட்டால் பாட்டு தேறியது. இல்லையென்றால் மறுபடியும் முதலிலிருந்து வேலை.

"ஊர்ல பாதிப் பேரு ஃபேன் போட்டுகினுதான் பாட்டு கேக்குறான், மீதிப் பேரு பஸ்ல கேக்குறான். எனுக்கு மட்டும் எதுக்கு கண்ணாடி ரூமு?" என்பாள்.

ஆவடியை அடுத்த முத்தாபுதுப்பேட்டையில் அப்பா கஜபதி கட்டிய வீட்டின் மாடி அறைதான் அவளுடைய ஸ்டுடியோ. தெருச் சத்தம் உள்ளே வராதபடி ஜன்னல்களை எல்லாம் அடைத்தாயிற்று. ஏசி கிடையாது. அந்த ஃபேன் நின்றால் அறை இட்லிப் பானைதான். ஆவடி வெயிலில் வேர்த்து விறுவிறுத்து மாடியேறி வருகிற யாருக்கும் அதை நிறுத்தச் சொல்ல மனம் வந்ததில்லை. சுவிட்சின் மேல் தூசி படிந்து அதன் நிறமே மாறிவிட்டது.

பாடி, வாசித்து, எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து முடித்த பாட்டை ஊருக்கு அனுப்புமுன் கடைசியாகத் தொடுகிற கை அவளுடையது. அதற்கு மாஸ்டரிங் என்று பெயர். கானா பாடுகிறவர்கள் வருவார்கள், ஆடி மாதத்துக்கு முன்னால் அம்மன் பாட்டுக்காரர்கள் வரிசை கட்டுவார்கள். யார் வந்தாலும் நாற்காலியில் உட்காரும் முன்பே சொல்லிவைத்தாற்போல ஒரே வசனம்: "யக்கா, சத்தம் பத்தல."

சத்தத்தைக் கூட்ட ஒரு சுலபமான வழி இருக்கிறது. பாட்டில் உயர்ந்து நிற்கும் இடங்களைத் தலையில் தட்டி உட்கார வைத்து, தணிந்து கிடக்கும் இடங்களைச் சட்டையைப் பிடித்து மேலே தூக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். பிறகு மொத்தத்தையும் கூரை இடிக்கும் வரை ஏற்றிவிடலாம். மேடும் பள்ளமுமாக இருந்த பாட்டு, கம்ப்யூட்டர் திரையில் அப்போது கட்டியாக, நீளமாக, ஒரு மேடுபள்ளம் இல்லாமல் தெரியும். மோகனப்பிரியா அதற்கு வைத்திருக்கும் பெயர் 'செங்கல் பாட்டு'. சொல்லும்போதே அவள் முகம் கசாயம் குடித்த மாதிரி ஆகிவிடும்.

"எல்லாரும் கத்துனா எவன் பேச்சுடா காதுல ஏறும்? அடி வுழணும்னா அதுக்கு முன்னாடி கொஞ்சம் சும்மா இருக்கணும்."

அவள் சும்மா சொல்வதில்லை. செய்து முடித்த பாட்டை பென் டிரைவில் போட்டுக்கொண்டு ஆவடிக்குப் போகும் ஷேர் ஆட்டோவில் ஏறுவாள். ஓட்டுகிற துலுக்கானம் பழகிய ஆள், போட்டுவிடுவான். இவள் பின்சீட்டில் இரண்டு காய்கறிப் பைகளுக்கு நடுவே உட்கார்ந்து அவனுடைய கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். மேளம் உள்ளே வரும் இடத்தில் ஹேண்டில் பாரில் அவன் விரல் தட்டினால் இறங்கும்போது முகம் முழுக்கச் சிரிப்பு இருக்கும். பாவம், தன்னை வைத்துப் பரீட்சை நடப்பது அந்த மனுஷனுக்கு இன்றுவரை தெரியாது.

இவ்வளவு பாட்டுக்கு நடுவில் இருப்பவள் குரலை உயர்த்தி யாரும் கேட்டதில்லை. கஜபதிக்கு, ராணுவ டாங்க் ஃபாக்டரியில் எஞ்சின்களுக்குப் பக்கத்திலேயே வேலை பார்த்து, காது கொஞ்சம் மந்தம். இருந்தும் அப்பாவைக் கூப்பிட வேண்டுமென்றால் படியிறங்கிப் போய் எதிரே நின்று பேசுவாளே தவிர, மாடியிலிருந்து கத்தமாட்டாள். அவரும் லேசுப்பட்டவர் இல்லை. டிவியில் விளம்பரம் வந்தால் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் குறைப்பார், சீரியல் வந்தால் கூட்டுவார். "சத்தமா வெச்சா எனக்குக் கேக்கும்னு நெனைக்கிறானுங்க. சத்தந்தான் கேக்குது, பேச்சு கேக்கல" என்று அலுத்துக்கொள்வார். இந்த வீட்டில் மாஸ்டரிங் செய்கிறவர்கள் இரண்டு பேர் என்று மகள் கேலி செய்வாள்.

செங்கல்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவர்களிடம் அவள் சண்டை போடுவதில்லை. தன் கைவேலை ஒன்று, செங்கல் ஒன்று, இரண்டையும் எடுத்துவைத்து, காதுக்கு ஒரே அளவாகக் கேட்கும்படி சத்தத்தைச் சமன் செய்து, எது எதுவென்று சொல்லாமல் போட்டுக் காட்டுவாள். சத்தம் சமமான பிறகு செங்கலின் சாயம் பாதி வெளுத்துவிடும். அப்படியும் சிலர் அதையே கேட்பார்கள். முகம் சுளிக்காமல் கொடுத்துவிடுவாள். "உன் பாட்டு, உன் இஸ்டம். எம் பேரு மட்டும் போடாத."

போன வாரம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவன் ராகேஷ். மண்ணூர்பேட்டைக்காரன், நல்ல சாரீரம், அந்தப் பக்கத்துக் கானாப் பையன்களுக்கு அவன் வைத்ததுதான் சட்டம். அவனுடைய அம்மா வடிவு, தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட் பார்த்துப் பிள்ளையை வளர்த்தவள். இறந்து வருஷம் திரும்பப்போகிறது. அந்த நாளில் வெளியிட அவளைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டியிருந்தான். வேலை முடிந்து விடியற்காலையில் வந்து வாசலில் நின்று அம்மா கூப்பிடுவது பாட்டின் நடுவில் வருகிறது. மேளம் எல்லாம் ஓய்ந்து, ராகேஷ் அம்மாவின் குரலிலேயே, முக்கால்வாசி மூச்சாகச் சொல்கிறான்: 'ராகேசு... கதவத் தொறடா.' அந்த ஒற்றை வரியைப் பதிவு செய்ய அவனால் முடியாமல் போய், இரண்டு தடவை வெளியே போய் நின்றுவிட்டு வந்தான் என்று கேள்வி.

மோகனப்பிரியா அதை மாஸ்டரிங் செய்து முன்பே அனுப்பியிருந்தாள். உட்கார்ந்ததும் ராகேஷ் போனை நீட்டினான். "தப்பா நென்ச்சிக்காதக்கா. பூந்தமல்லில புச்சா ஒரு ஸ்டுடியோ கீது. அவன் போட்டுக் குட்தான் பாரு, சும்மா அதுருது. நீ போட்டது மத்த பாட்டோட வெச்சிக் கேட்டா ஸ்பீக்கரு செத்துப்போன மாரி கீது. எங்கம்மா பாட்டுக்கா இது. மத்தவன் பாட்டுக்கு முன்னாடி சின்னதா நிக்கக் கூடாது."

நியாயமான வருத்தம்தான். ராகேஷ் போனால் அவன் பின்னாலேயே மண்ணூர்பேட்டைப் பாடகர்கள் பாதிப் பேர் போய்விடுவார்கள் என்பதும் மோகனப்பிரியாவுக்குத் தெரியும். நெஞ்சில் ஒரு சுருக் இருந்தது, இல்லாமல் இருக்குமா?

"சத்தம் வேணும்னா குமிழத் திருகிக்கோ, அதுக்குத்தான் வெச்சிகிறான். பாட்ட கேளு" என்றாள். பூந்தமல்லிக்காரர் செய்ததை வாங்கிக் கம்ப்யூட்டரில் ஏற்றினாள். அதன் சத்தத்தைத் தன்னுடையதற்குச் சமமாக இறக்கினாள். எது முதலில் என்று சொல்லாமல் ஓட விட்டாள்.

ராகேஷ் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டான். மேளம் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. மேளம் நின்று, அம்மா கூப்பிடும் இடம் வந்தது. அந்த வரி மேளத்துக்கு ஈடாக, தெருமுனைக்குக் கேட்கிற மாதிரி முழங்கியது. ஃபேனின் கடகடப்பு அதன் பக்கத்தில்கூட வர முடியவில்லை. ராகேஷின் தலையாட்டல் நின்றது.

"நிறுத்துக்கா. எங்கம்மா இன்னாத்துக்கு இப்டி கத்துது?" அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அது கத்தாதுக்கா. பக்கத்து ஊட்ல கைப்புள்ள தூங்குதுன்னு மெதுவாத்தான் கூப்டும். தெருல ஒருத்தனும் முழிக்க மாட்டான். எனுக்கு மட்டுந்தான் கேக்கும்."

மோகனப்பிரியா இரண்டாவதைப் போட்டாள்.

மேளம் வந்தது, ஏறியது, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி ஓய்ந்தது. அந்த வெற்றிடத்தில் ஃபேன் மட்டும் கடகடவென்று சுற்றியது. அதற்கு அடியில் எங்கேயோ, கதவுக்கு அந்தப் பக்கம் நிற்கிற மாதிரி, அந்தக் குரல். ராகேஷ் முன்னால் குனிந்தான். நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்தான்.

"இன்னொருவாட்டி போடுக்கா."

அவள் அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலிருந்து போட்டாள். மேளம் இறங்கத் தொடங்கியபோது ராகேஷ் எழுந்தான். வேர்வை வழியும் கழுத்தைக் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே சுவரோரம் போய், தூசி படிந்த அந்த சுவிட்சைத் தட்டி ஃபேனை நிறுத்தினான்.