அருள்தாஸ் அண்ணன் ஜெயித்த வாதம்

எடைமேடையில் லாரி ஏறி நிற்கும்போது போன் வந்தது. நம் சர்ச் சபைச் செயலாளர். "அருள்தாஸ் அண்ணன் போய்ட்டாருப்பா. காலைல ஏழு மணிக்கு. நாளைக்கு அடக்கம்" என்றார். அண்ணனுக்கு நான் ஒரு போன் செய்திருக்க வேண்டும். பத்து நாளாகச் செய்யாமல் இருந்தேன். அதுதான் முதலில் நினைவுக்கு வந்தது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் பழைய இரும்பு வாங்கி விற்கிற எல்லோருக்கும் அவரைத் தெரியும். பெயர் தெரியாதவர்கள்கூட அந்த முகத்தை மறந்திருக்க மாட்டார்கள். இடது பக்கம் தீயில் சுருங்கி, அந்தக் கண் மூடியே இருக்கும்.

நான் முதன்முதலாக ஒரு லோடு டிரம் எடுத்துப் போட்டிருந்தபோது, கூப்பிடாமலே என் கொட்டகைக்குள் வந்தார். ஒவ்வொரு டிரம்மாகக் குனிந்து மோந்து பார்த்தார். "தண்ணி ரொப்புனியா நைனா?" என்றார். கம்பெனிகளிலிருந்து வரும் காலி டிரம்மில் தின்னரோ ஆயிலோ கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த ஆவி போதும், தீப்பட்டால் டிரம் வெடித்துவிடும். கழுவி, தண்ணீர் ரொப்பிவிட்டுத்தான் கேஸ் கட்டர் வைக்க வேண்டும். அதற்கு ஒரு நாள் வீணாகும், தண்ணீர் லாரிக்குக் காத்திருக்க வேண்டும். அதனால் நம்மில் பலர் அப்படியே அறுப்போம். அவரும் இதே தொழில்காரர், என்னைத் தாமதப்படுத்தத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"உங்க கடையப் பாத்துக்குங்கண்ணே" என்றேன்.

"என் மூஞ்சிய நல்லா பாத்துட்டு அப்பறமா சொல்லு" என்றார்.

அந்த முகத்தின் கதையை ஞாயிறு ஆராதனையில்தான் முழுதாகக் கேட்டேன். சாட்சி நேரத்தில் ஒவ்வொருவரும் எழுந்து, வேலை கிடைத்தது, காய்ச்சல் குணமானது என்று ஆண்டவருக்கு நன்றி சொல்வார்கள். அண்ணன் மட்டும் தன் தப்பைச் சொல்வார். ஒருநாள் அவசரமாக ஒரு லோடு அனுப்ப வேண்டியிருந்திருக்கிறது. காலை ஜெபத்தில் உள்ளே ஏதோ வேண்டாம் என்றதாம். மனைவி லில்லி அக்கா, "நாளைக்குப் பண்ணக் கூடாதா?" என்று கேட்டிருக்கிறார். அக்காவின் தம்பி தேவராஜ்தான் அறுக்கிறவன். அவனும், "தண்ணி ரொப்பிக்கலாம் மாமா" என்றிருக்கிறான். டிரம் காய்ந்துவிட்டது, வாசனை இல்லை, இத்தனை வருஷத்தில் ஒன்றும் ஆனதில்லை என்று மூன்று பேருக்கும் இவர் பதில் சொல்லி ஜெயித்திருக்கிறார். கட்டரை வைத்ததும் டிரம்மின் மூடி பறந்தது. தேவராஜ் அங்கேயே போய்விட்டான்.

ஆஸ்பத்திரிக்கு ஜெபிக்க வந்த ஓர் ஊழியக்காரர், "எல்லாம் ஆண்டவரோட சித்தம் பிரதர்" என்று ஆறுதல் சொன்னாராம். கட்டுப் போட்ட முகத்தோடு அண்ணன் சண்டைக்குப் போயிருக்கிறார். "அவரு மேல பழி போடாதீங்க. பொண்டாட்டி வாயால சொன்னாரு, மச்சான் வாயால சொன்னாரு, எனக்குள்ளயும் சொன்னாரு. எதுத்துக்கினு நின்னவன் நானு."

வருடக்கணக்கில் இதையேதான் சொன்னார். பின்பெஞ்சில் நாங்கள் நான்கைந்து வியாபாரிகள், "டிரம் வெடிக்கப் போவுது, காதப் பொத்திக்கோ" என்று சிரிப்போம். சிலர் டீ குடிக்க நழுவுவார்கள். லில்லி அக்கா ஒரு தடவைகூட உள்ளே இருந்ததில்லை. அண்ணன் எழுந்ததுமே வெளியே போய்ச் செருப்புகள் கிடக்கும் இடத்தில் நின்றுகொள்வார். தம்பி சாவதை வாரா வாரம் எந்த அக்காவால் கேட்க முடியும்? அண்ணனுக்கு இதெல்லாம் தெரியும். "சிரிச்சிக்கினாவது கேளுங்க" என்பார். இன்னொன்றும் சொல்வார். "தப்பு பண்றதுக்கு முன்னாடி மனுஷனுக்குப் பேச்சு சூப்பரா வரும். உனக்குப் பேச்சு நல்லா வருதுன்னா பயந்துக்கோ."

எனக்கு எப்போதுமே பேச்சு நன்றாக வரும். அதை வைத்துத்தான் முன்னுக்கு வந்தேன்.

போன மாதம் பழைய ஆயில் டேங்க் ஒன்று எடுத்தேன். இரும்பு வாங்குகிற பார்ட்டி அன்றே தகடு வேண்டும் என்று நின்றார். தண்ணீர் லாரி இரண்டு நாளைக்கு இல்லை என்றார்கள். அண்ணன் அப்போது நுரையீரல் கெட்டுப் படுக்கையில் இருந்தார். அவருக்கு ஏன் போன் செய்தேன் என்று இப்போது புரிகிறது.

"அண்ணே, ஒரு வருஷமா மூடி தொறந்து வெயில்ல கெடந்த டேங்க்கு. வாசனையே இல்ல. அறுக்கலாம்ல?"

மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. "நல்லா பேசுற நைனா."

"இல்லண்ணே, நான் இன்னா கேட்டேன்னா..."

"நீ என்னைக் கேக்கல. உனக்குள்ள ஒருத்தர் வாணாங்கறாரு. அவருகிட்டருந்து தப்பிக்க எங்கிட்ட கையெழுத்து வாங்க வந்துகீற. யாரு அறுக்கப் போறது?"

"முனுசாமி. ஊத்துக்கோட்டப் பக்கம்."

"புள்ளைங்க?"

"ரெண்டு."

"நான் கையெழுத்து போட மாட்டேன்."

கோபத்தில் போனை வைத்துவிட்டேன். கண்ணாடி மாட்டிக்கொண்டு, கட்டரைப் பற்றவைத்து முனுசாமி தயாராக நின்றான். என்னிடம் இன்னும் நிறைய நியாயங்கள் இருந்தன. ஒவ்வொன்றும் கச்சிதமாக இருந்தது. அந்தக் கச்சிதம்தான் பயமுறுத்தியது. "அணைச்சிடு" என்றேன்.

"இன்னா மொதலாளி, காஞ்ச டேங்க்குக்குப் போயி பேஜார் பண்ணிக்கினு" என்று முனுசாமி முணுமுணுத்தான். பார்ட்டி வேறு இடத்துக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் தண்ணீர் ரொப்பி அறுத்தோம், ஒன்றும் ஆகவில்லை. தண்ணீர் இல்லாமல் அறுத்திருந்தால் வெடித்திருக்குமா? தெரியாது. அடுத்தவன் தவறிலிருந்து பாடம் கற்றவனுக்கு அந்த அத்தாட்சி கிடைப்பதில்லை. வியாபாரம் போனதுதான் தெரிகிறது.

அன்று அறுக்கவில்லை என்று அண்ணனுக்கு நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் பேச்சைக் கேட்டேன் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். நாளைக்குச் சொல்லலாம் என்று பத்து நாள் ஓடியது.

அடக்கத்தன்று லில்லி அக்கா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்த டேங்க்கு இன்னா ஆச்சு?"

"அன்னிக்கு அறுக்கலக்கா. தண்ணி ரொப்பிட்டுத்தான் அறுத்தோம். முனுசாமி நல்லா இருக்கான்."

"போனைக் கையிலயே வச்சிக்கினு கெடந்தாரு. எனுக்கு கூப்புடத் தைரியம் இல்ல லில்லி, அவனாக் கூப்புடட்டும்னாரு. யாராவது செத்துட்டாங்களான்னு தெனமும் பேப்பர்ல பாக்கச் சொன்னாரு. ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னாய்யா கேடு ஒனக்கு?"

அந்தக் கேள்விக்கு இன்றுவரை என்னிடம் நியாயம் எதுவும் இல்லை.

போன ஞாயிறு சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். நாக்கு எழவில்லை, உட்கார்ந்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். இதைப் படிக்கும் என் தொழில்காரர்களே, தண்ணீர் ரொப்புங்கள். யாராவது சொல்லி நீங்கள் ஒன்றை நிறுத்தியிருந்தால், அவர் உயிரோடு இருக்கும்போதே போய்ச் சொல்லிவிடுங்கள்.

அண்ணனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியவன் முனுசாமிதான். காய்ந்த டேங்க்குக்குப் பயந்த முதலாளி என்று இன்றைக்கும் டீக்கடையில் என்னைக் கேலி செய்கிறான். நான் மறுத்துப் பேசுவதில்லை.