தட்டுகள் மேல் போட்ட பழி

எங்கள் வீட்டுச் சுவர் கீறியதற்குப் பூமியின் தட்டுகள்தான் காரணம் என்று எழுதிக் கொடுத்தவள் நான். அப்போது ஏழாம் வகுப்பு. அதற்குப் பள்ளியில் முதல் பரிசும் கிடைத்தது.

கேரள எல்லையில், குன்னத்துகால் பக்கம், ரப்பர் தோட்டத்துக்கு அப்பால் ஒரு கல்குவாரி. தினமும் உச்சிப்பொழுதில் சங்கு ஊதி வெடி வைப்பார்கள். அடுக்களையில் பாத்திரங்கள் கலகலக்கும். சுவரில் கீறல் விழுந்த இடங்களில் அப்பா என் நோட்டுத் தாளை நறுக்கி, சோற்றுப் பசை தடவிக் குறுக்கே ஒட்டி, தேதி எழுதி வைப்பார். கீறல் வளர்ந்தால் தாள் கிழியும். அக்கம்பக்கத்து வீடுகளிலும் இதே வழக்கம்தான். கிழிந்த தாள்களைச் சாட்சியாக வைத்து, வெடியை நிறுத்தச் சொல்லி அப்பா மனுக் கொடுத்திருந்தார். அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டிச் சேர்த்த கூலியில் கட்டிய வீடு. அது நிற்பது அந்த மனுவை நம்பித்தான்.

அந்தச் சமயத்தில் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தது. மாமன், அதாவது அம்மையின் தம்பி, அந்தக் குவாரியில் சூப்பர்வைசர். என் படிப்பை அதுவரை எட்டிப் பார்க்காதவர், அமரவிளையிலிருந்து சார்ட்டும் ஸ்கெட்ச் பேனாவும் வாங்கி வந்து நின்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. பூமியின் மேலோடு பல தட்டுகளாக இருக்கிறது, அவை ஆண்டுக்கு நகம் வளரும் அளவுக்குத்தான் நகர்கின்றன, நெருக்குதல் தாங்காமல் பாறை பிளக்கிறது, அந்தப் பிளவில் பாறைகள் சட்டென்று வழுக்கும்போது நிலம் நடுங்குகிறது என்று எழுதினேன். எல்லாம் சரிதான். மாமனுக்குத்தான் போதவில்லை.

“மக்களே, நம்ம வீட்டுச் செவரு கீறினதும் இதுனாலயாக்கும்ணு கீழ எழுது. கண்ணால கண்டத எழுதினாத்தான் பிரைஸ் உண்டு.”

எழுதினேன். பெயரும் போட்டேன். மாமன் போனில் படம் எடுத்துக்கொண்டார்.

பரிசு வாங்கிய மறுவாரம் அப்பாவின் மனுவை விசாரிக்க அதிகாரி வந்தார்.

“தெவசமும் வெடி வச்ச பெறவாக்கும் சார் கிழியும்” என்று அப்பா ஒவ்வொரு தாளாகக் காட்டினார்.

அதிகாரி தன் போனில் என் சார்ட்டைக் காட்டி, இது நீ எழுதியதா என்று மலையாளத்தில் என்னைக் கேட்டார்.

“ஆமா சார், பஸ்ட் பிரைஸ் கிட்டினதாக்கும்!” என்றேன். தட்டுகள் உரசுவதை இரண்டு கைகளாலும் செய்து வேறு காட்டினேன். அவர் சிரித்தபடி குறித்துக்கொண்டார். தென்னை மூட்டில் நின்ற மாமன் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். கூட இருந்தே குழி பறிப்பதை அன்றுதான் கண்டேன், கண்டது தெரியாமலே.

தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது அப்பா. நாங்கள் இருப்பது தட்டின் விளிம்புக்கு வெகு தூரத்தில் என்பதும் பாடத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் படிக்கவில்லை. சங்கு ஊதிவிட்டா பூகம்பம் வரும் என்று அப்பாவாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஊரார் முன்னால் மகளைப் பொய்க்காரி ஆக்க மனம் வந்திருக்காது. மாமனை நான் இன்றும் மன்னிக்கவில்லை. என்னையும்தான்.

மனு தள்ளுபடியான அன்று அப்பா தாள்களை ஒவ்வொன்றாகச் சுரண்டி எடுத்தார். என் சான்றிதழுக்குத்தான் இடம் ஒதுக்குகிறார் என்று நினைத்து, ஓடிப்போய் அதை எடுத்து வந்து நீட்டினேன். அப்பா அதை வாங்கி, பசை தடவி, பெரிய கீறலுக்குக் குறுக்கே ஒட்டினார்.

ஒரு மாதத்தில் அது என் பெயரின் நடுவே கிழிந்தது. ஒட்ட வேறு இடமா கிடைக்கவில்லை என்று அப்பாவோடு இரண்டு நாள் நான் பேசவே இல்லை.