சிகரெட்டை விட்டவரின் காவல்காரி

"போலீஸ்கூட சட்டையை இப்படி மோந்து பார்க்காது. விட்டாச்சுன்னா விட்டாச்சு."

வீட்டுக்காரர் இப்படிக் குறைப்பட்டபோது அவர் சட்டை என் மூக்கில்தான் இருந்தது. சிகரெட்டை விட்டவரின் மனைவியாக இருப்பது லீவே இல்லாத உத்தியோகம். உங்களில் பலருக்கும் தெரிந்திருக்கும்.

டாக்டர்

தஞ்சாவூர் டாக்டர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இருபது வருஷப் புகை. இனியும் பிடித்தால் வரப்பில் நடக்கக்கூட மூச்சு மிஞ்சாது என்றார். இவர் பாக்கெட்டை மேஜையிலேயே வைத்துவிட்டு எழுந்தார். காலிப் பாக்கெட்டா என்று நான் திறந்து பார்த்தேன். டாக்டர் சொன்னார்: "விடுறது அவர் வேலை. கூட இருக்கிறது உங்க வேலை. வேவு பார்க்கிறது யார் வேலையும் இல்லை."

வறண்ட வாய்க்கால்

மேட்டூர் அணையை மூடிப் பத்து நாள். வாய்க்காலில் பொட்டுத் தண்ணீர் இல்லை. இவரோ தினம் மூன்று வேளை மடை பார்க்கக் கிளம்புகிறார். எந்தத் தண்ணீரைத் திருப்பிவிட? நான் படித்த கான்வென்ட்டில் சிஸ்டர்கள் எங்கள் பெட்டிகளைச் சோதனை போட்ட அதே கண்ணோடு, குனிந்து சிகரெட் துண்டு தேடிக்கொண்டே வரப்பில் போனேன். பூவரச மரத்தடியில் எங்கள் வயலாட்கள் அறுப்புக் கூலிக்காகச் சங்கக் கூட்டம் போட்டிருந்தார்கள். முதலாளி வீட்டம்மாவைக் கண்டதும் பேச்சு சட்டென்று நின்றது. துண்டு தேடுவதாகச் சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை. அவர்கள் தலைவர் கோவிந்தன் சொன்னார்: "நாங்க பேசுறதைக் கேக்கணும்னா நேரா வந்து உக்காருங்கம்மா. எதுக்குக் குனிஞ்சுகிட்டு வர்றீங்க?"

தாலுகா ஆபீஸ்

கழக ஆட்சியில் கூலி பேச இரண்டு தரப்பும் தாசில்தார் முன்னால் உட்கார வேண்டும். பேசி முடித்து இவர் வீட்டுக்கு வந்தபோது சட்டையெல்லாம் புகை நாற்றம். நான் வாயைத் திறந்தேன், மூடவில்லை. அங்கே எல்லாரும் பிடித்தார்களாம், இவர் மட்டும் இல்லையாம்.

அந்த நேரம், அறுப்புக்கு முதலில் எந்த வயலில் இறங்குவது என்று கேட்கக் கோவிந்தன் வந்தார். பகல் முழுக்க இவரோடு மல்லுக்கு நின்றவர். இவருக்காகப் பொய் சொல்ல அவருக்கென்ன தலையெழுத்து? அவரையே கேட்டேன்.

"ஐயா ரெண்டாவது சிகரெட்டைப் பத்த வச்சாருன்னா இறங்கி வரப்போறாருன்னு எங்களுக்குத் தெரியும். இன்னிக்கு ஒண்ணுகூடப் பத்த வைக்கல. எங்களை ஏமாத்தத்தான் விட்டிருக்காருன்னு நெனச்சு நானே ஒண்ணு நீட்டிப் பாத்தேன். கையைப் பின்னால கட்டிக்கிட்டாரு. வாங்கலீங்கம்மா."

அப்படியானால் வறண்ட வாய்க்காலில் என்ன வேலை என்றேன். ஆசை வரும்போதெல்லாம் அங்கே போய் நடந்து நடந்து தீர்ப்பதாக, தரையைப் பார்த்துச் சொன்னார் இவர்.

எதிர்த்தரப்பு ஒரே தடவை நீட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டதை, நான் மூன்று மாதம் மோந்து பார்த்தும் தெரிந்துகொள்ளவில்லை என்பதுதான் இந்த உத்தியோகத்தில் என் தேர்ச்சி.

"நாளைக்கு மடை பார்க்க நானும் கூட வரட்டுமா?" என்று கேட்டேன்.

கூட வரவா, வேவு பார்க்கவா என்று கேட்பதுபோல் இவர் கோவிந்தனைப் பார்த்தார். கோவிந்தன் வாசலைப் பார்த்தார்.